ஒன்பதாம் ரீலும் அப்பா சுமந்த பழியும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இப்படிப்பட்ட கட்டுரைகளில் ‘அன்னார் யார் மனமும் நோகாமல் வாழ்ந்தார்’ என்று எழுதுவார்கள். அப்பாவும் அப்படித்தான் வாழ்ந்தார். அவர் மனத்தை நோகடித்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

அப்பா கிள்ளானை அடுத்த காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அவருடைய தகப்பனார் பால்மரம் சீவியவர். சம்பளம் வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போய்விடுவார். அவரைத் தோளில் தாங்கி தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அப்பாவின் வேலை. தன் வாயில் ஒரு சொட்டும் படக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தார். கடைசிவரை படவில்லை. கல்யாண வீடுகளில் பீர் கிளாஸை அவர் கையில் திணித்துப் பார்த்துத் தோற்றவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கே தெரியும்.

கிள்ளானுக்கு வந்து ஒரு தியேட்டரில் படப்பெட்டி சுமக்கும் வேலையில் சேர்ந்தார். சில வருடங்களில் படம் ஓட்டும் ஆபரேட்டர் ஆனார். அந்தச் சம்பளத்தில்தான் பண்டமாரானில் எங்களுக்கு வீடு கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் தன் தம்பியைப் படிக்க வைத்து, அரசாங்க வேலையில் உட்கார வைத்தார். அந்தத் தம்பி எங்கள் சித்தப்பா, சிரம்பானில் இருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

எழுபதுகளின் இறுதியில், எங்கள் கோயில் கட்டட நிதிக்காக ஒரு சிறப்புக் காட்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்த புது பிரிண்ட். பெட்டி காலையிலேயே கிள்ளானுக்கு வந்துவிட்டது. ஆனால் தியேட்டருக்கு வரவில்லை. கோயில் தலைவர் அதை நேராகச் சன்னதிக்குக் கொண்டுபோனார். அப்பா அங்கே ஓடினார்.

“தலைவரே, ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுறேன். புது பிரிண்ட்டு.”

“சாமி காலடியில வச்சு எடுத்துட்டு வர்றோம். அதுல என்ன கோளாறு வரப்போவுது? நீ போலா.”

பெட்டிக்கு மாலை போட்டார்கள், குங்குமம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. அரங்கம் நிறைந்து மக்கள் கைதட்ட ஆரம்பித்த பிறகுதான் பெட்டி அப்பாவின் கைக்கு வந்தது.

எட்டு ரீல் நன்றாக ஓடியது. ஒன்பதாவதில் கதாநாயகனின் தாய் சாகும் காட்சி. அவள் வாயசைத்து முடித்துக் கண்ணை மூடிய பிறகு ‘மகனே’ என்று குரல் வந்தது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு அரங்கமே சிரித்தது. அம்மாவோடு மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்பா படத்தை நிறுத்தி, பிலிமை மறுபடி மாட்டி ஓட்டினார். மறுபடியும் அதே கோளாறு. சிறப்பு விருந்தினராக வந்திருந்த, அரசுப் பட்டம் பெற்ற டத்தோ எழுந்து போய்விட்டார்.

அத்தனை பேர் முன்னால், தியேட்டர் வாசலில், தலைவர் அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

“குடிச்சிட்டு வந்து படம் ஓட்டுறியா? சாமி காரியம்லா இது!”

“படமும் சத்தமும் ஒரே பிலிம்லதான் இருக்கு தலைவரே. லேப்புலயே அந்த ரீல்ல சத்தத்தத் தள்ளிப் பதிச்சிட்டாங்க. நான் என்ன பண்ண முடியும்?”

யாரும் கேட்கவில்லை. டிக்கெட் கவுண்டரில் வேலை செய்த அக்கா ஒருவர் மட்டும் நடுவில் புகுந்து, “அண்ணன் அதத் தொடவே மாட்டாரு. வாய ஊதச் சொல்லிப் பாருங்க, இப்பவே!” என்று கத்தினார். அவரையும் தள்ளிவிட்டார்கள்.

பிறகு அந்தப் படம் கிள்ளானில் வழக்கமான காட்சிகளுக்கு வந்தபோது கம்பெனி வெளியே சொல்லாமல் அந்த ரீலை மாற்றிக் கொடுத்திருந்தது. எல்லாம் சரியாக ஓடியது. அது அப்பாவுக்கு இன்னும் கெடுதலாகப் போயிற்று. ‘பாத்தியா, அன்னிக்குத் தண்ணிதான்’ என்று ஊர் உறுதி செய்துகொண்டது. ‘தண்ணி ஆபரேட்டர்’ என்ற பெயர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. திருவிழாவில் தியேட்டர் தொழிலாளர்கள் சார்பில் அப்பா நடத்திவந்த உபயத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அதன்பின் அப்பா அந்தக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. நாங்கள் உள்ளே போய் வரும்வரை எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளோடு நின்று, அங்கிருந்தே கும்பிடுவார். கள்ளுக்கடையிலிருந்து தகப்பனைத் தூக்கி வந்த மனிதருக்கு நீங்கள் வைத்த பெயர் அது.

கடைசி நாட்களில் மருத்துவமனை வார்டில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. தமிழ்ப்படம் போட்டால் அப்பா கதையைக் கவனிப்பதில்லை. “வாயும் சத்தமும் சரியா இருக்காம்மா?” என்றுதான் என்னிடம் கேட்பார். சரியாக இருக்கிறது என்பேன். அதன் பிறகே கண்ணை மூடுவார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா சிரித்துக்கொண்டே பழைய கதை ஒன்றை எடுத்தார்.

“அந்தப் படம் அதே வாரம் சிரம்பான்லயும் ஓடுச்சு. அது வேற பிரிண்ட்டு. அதுலயும் அதே எடத்துல அதே மாரிதான்லா! அம்மா செத்தப்புறம் சத்தம் வருது. சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு.”

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். “அப்பவே தெரியுமா சித்தப்பா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“தலைவரு கோவிச்சுக்குவாரு. அப்ப என் கல்யாணத்த அவருதான் முன்ன நின்னு நடத்துறதா இருந்துச்சு. அண்ணனும் ஒண்ணும் கேக்கலயே.”

அண்ணன் கேட்கவில்லையாம்! படிக்க வைத்த அண்ணன், தம்பி வீட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லக் கெஞ்ச வேண்டுமாம். ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு சித்தப்பா எங்கள் வீட்டில் எத்தனை தீபாவளிக்குச் சாப்பிட்டார்!

நன்றி சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது. அப்பாவை மருத்துவமனைக்குத் தன் வேனில் கொண்டுபோன பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவான மக்சிக்குக்கும், ஊர் பேசியபோதும் அவரை வேலையில் வைத்திருந்த சீன முதலாளிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கவுண்டர் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். இறுதிச் சடங்குக்குக் கூடாரமும் நாற்காலிகளும் ஏற்பாடு செய்தவர் சித்தப்பா. அதற்கு நன்றி, அதற்கு மட்டும்.

இந்தக் கட்டுரை அச்சுக்குப் போவதற்கு முன் சித்தப்பா போன் செய்தார். “இதெல்லாம் மலர்ல போடாதம்மா. அசிங்கம். வேணும்னா நானே தலைவர்கிட்ட பேசுறேன்” என்றார். பேசட்டும். திதிக்கு நானும் என் தம்பியும் அதே கோயில் மண்டபத்தைத்தான் எடுத்திருக்கிறோம். அன்று சட்டையைப் பிடித்த தலைவருக்கும் அழைப்பு போயிருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் மைக்கைச் சித்தப்பா கையில் கொடுப்போம். சிரம்பானில் பார்த்ததை அவர் சொல்லி முடித்த பிறகுதான் இலை போடப்படும்.