பூனைகளுக்குப் பிடித்த கதியால்

எங்கள் அப்பா ஜெர்மனியின் ஹம் நகரத்துக்கு வந்த பத்து வருஷத்தில் மூன்று வீடு மாறினார், இரண்டு தொழிற்சாலை மாறினார். ஆனால் வேலி விஷயத்தில் மட்டும் யாழ்ப்பாணத்தை விட்டு ஓரங்குலம் நகரவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நகரத்தின் ஓரத்தில் ரயில் பாதையை ஒட்டி, எங்களுக்கு ஒரு தோட்டத் துண்டு வாடகைக்குக் கிடைத்தது. முப்பது குடும்பங்கள் ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கும் தோட்டச் சங்கம் அது. சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். தலைவரின் கக்கத்தில் எப்போதும் ஒரு விதிப் புத்தகம் இருந்தது.

எங்கள் துண்டின் மூலையில், முன்பு வைத்திருந்தவர் அழகுக்கென்று நட்ட பெரிய பற்றை ஒன்று நின்றது. ஹனிசக்கிள் குடும்பத்தைச் சேர்ந்தது. வசந்தத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும், கோடையில் சிவப்புச் சிவப்பாகப் பழுக்கும். பறவைகள் பழத்தைத் தின்றுவிட்டுப் போய் எச்சமிட்ட இடமெல்லாம் அதன் கன்றுகள். 'இது வெளியிலிருந்து வந்து இடம் பிடிக்கும் செடி, பெப்ரவரி முடிவதற்குள் வெட்டி அகற்ற வேண்டும்' என்று தலைவர் கடிதம் அனுப்பினார். அதை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னது நான். வெளியிலிருந்து வந்து இடம் பிடிக்கும் என்ற இடத்தில் அப்பா ஒருமுறை செருமினார்.

எங்கள் வீட்டில் ஜெர்மன் கடிதம் எது வந்தாலும் வாசிப்பது என் வேலை. பள்ளிக்கூடம், டாக்டர், வீட்டுக்காரர், விசா அலுவலகம் எல்லாம் என் வாய் வழியாகத்தான் அப்பா அம்மாவுக்குப் போய்ச் சேரும். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அம்மா சில நேரம் எனக்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் கடித உறையைக் கையில் தருவார்.

அப்பா பற்றையை வெட்டினார். ஆனால் நேரான தடியைக் குப்பையில் எறிய யாழ்ப்பாணத்து ஆளுக்குக் கை வருமா? ஊரில் கிளுவைத் தடியை வெட்டி வரிசையாக ஊன்றினால் அது வேர்விட்டு உயிர்வேலியாகும். அந்தத் தடிக்குக் கதியால் என்று பெயர். அப்பா இந்த ஜெர்மன் பற்றையையும் முழ முழமாக வெட்டி, அடியைக் கூராகச் சீவி, மிளகாய்ப் பாத்தியைச் சுற்றி நாற்பது கதியால் போட்டார். ஒன்றை அகற்றச் சொன்னதற்கு நாற்பதை நட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியது.

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுட்டு, பிறகு குத்துது குடையுது எண்டு நிக்கப்போறியள்," என்றார்.

மிச்சத் தடிகளை அப்பா தோட்டக் கொட்டிலுக்குள் அடுக்கிவைத்தார். கொட்டிலின் கூரை ஒழுகும். அதற்குக் கீழே ஒரு வாளி எப்போதும் இருக்கும்.

ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் பூனைகள் வரத் தொடங்கின. எங்கிருந்து வந்தனவோ தெரியாது, வெட்டுப்பட்ட தடியில் கன்னத்தை உரசுவதும், நக்குவதும், நிலத்தில் புரளுவதுமாக ஒரே கூத்து. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "எங்கட வேலி பாக்க வந்த சனத்தைப் பாரன்," என்றார்.

வந்தவர்களில் மூத்தது ஒரு கொழுத்த சாம்பல் பூனை. பக்கத்துத் தோட்டத்து அம்மாவுடையது. அந்த அம்மா தனியாக, தோட்டத்துக்குப் பின்தெருவில் இருந்தார். காது கொஞ்சம் மந்தம். நாங்கள் வந்த முதல் நாளே அந்தப் பற்றையைக் காட்டி, 'பழத்தை வாயில் வைக்காதே, நஞ்சு' என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

ஈஸ்டர் விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா தடி சீவிக்கொண்டிருந்தபோது, கீழே விழுந்த ஒரு துண்டை எடுத்துச் சாம்பல் பூனைக்குப் போட்டேன். அது இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் கடித்தது. புரண்டது. வாயிலிருந்து எச்சில் வழிந்தது. பிறகு நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, கண் ஒரே இடத்தில் குத்தி நிற்க, அசையாமல் கிடந்தது. பழம் நஞ்சென்றால் தடியும் நஞ்சுதானே?  கொஞ்சம் தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்த்தபோது பூனையைக் காணவில்லை. அப்பா கொட்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்விட்டோம்.

வியாழக்கிழமை பாத்தி பார்க்கப் போனபோது தோட்டத்து வாசல் படலையில் ஒரு கடதாசி செருகியிருந்தது. அப்பா அதை எடுத்து என்னிடம் தந்தார். 'அன்புள்ள அயலவர்களே, என் பூனையைச் செவ்வாய்க்கிழமை முதல் காணவில்லை' என்று முதல் வரி சொன்னது. அதற்கு மேல் என் கண் போகவில்லை. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்கள், நான் கண்ணை மூடியது பூனைக்காக.

எனக்கு அப்போது பூனையை விட விசாதான் முன்னால் நின்றது. அந்த மாதம் விசா நீடிக்க அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருந்தோம். 'உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதும் உண்டா?' என்ற கேள்விக்கு, இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டதே நான்தான். அது முடியுமட்டும் ஆர் மேலும் ஒரு முறைப்பாடும் வரக்கூடாது என்று அப்பா வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அயலவரின் பூனைக்கு நஞ்சு கொடுத்த குடும்பத்துக்கு யார் விசா தருவார்கள்?

"என்ன பிள்ளை எழுதியிருக்கு?"

"எங்கட வேலி நல்ல வடிவாம் அப்பா."

அப்பா அந்தக் கடதாசியை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். பத்து வருஷத்தில் ஒரு ஜெர்மன்காரர் அவரைப் பாராட்டி எழுதிய முதல் கடிதம். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. மழையும் வந்தது நல்லதாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை அம்மா கடலை வடை சுட்டார். பாராட்டியவருக்கு வெறுங்கையோடு நன்றி சொல்ல ஏலாது என்பது அப்பாவின் கட்சி. இஸ்திரி போட்ட சட்டையோடு, தட்டை ஏந்திக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பக்கத்துப் படலைக்குப் போனார்.

அந்த அம்மாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது.

"அவவின்ர கடிதத்துக்கு நன்றி எண்டு சொல்லு," என்றார் அப்பா. சொன்னேன்.

"அவளைப் பார்த்தீர்களா?" என்று பூனையைப் பற்றி அந்த அம்மா ஆவலோடு கேட்டார்.

"சுகமா இருக்கிறியளோ எண்டு கேக்கிறா," என்றேன் அப்பாவிடம்.

அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "கூட், கூட்!" என்றார். நல்லது, நல்லது! பூனையைத் தொலைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!  அப்பா அதோடு விடவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தக் கடதாசியை எடுத்து, விரித்து, நெஞ்சுக்கு நேரே பிடித்துக் காட்டினார். அந்த அம்மா தன் கையெழுத்தைப் பார்த்தார், அப்பாவின் சிரிப்பைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடதாசியின் இரண்டாவது வரியில் விரலை வைத்து, பிறகு அதே விரலால் எங்கள் கொட்டிலைக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அப்பா உடனே போய்ப் பூட்டைத் திறந்தார்.

கதியால் குவியலுக்கு மேலே, மகாராணி மாதிரி, சாம்பல் பூனை படுத்திருந்தது. வாளித் தண்ணீரும் கொட்டில் எலிகளும் அதைக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்களைக் கண்டதும் கொட்டாவி விட்டது. அந்த அம்மா அதைத் தூக்கி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு விம்மினார். நான் அவரை விடப் பெரிதாக அழுதேன். அப்படியொரு நிம்மதியை அதற்குப் பிறகு பரீட்சை பாஸான நாளில்கூட நான் அனுபவித்ததில்லை. பூனை உயிரோடு இருந்தது, நாங்களும் ஜெர்மனியில் இருக்கலாம்!

இந்தத் தடியின் வாசம் பூனைகளை மயக்கும், அதனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று அந்த அம்மா எனக்கு விளக்கினார். தயவுசெய்து உங்கள் கொட்டிலைத் திறந்து பாருங்கள் என்பதுதான் கடதாசியின் இரண்டாவது வரி. நான் இன்னும் ஒரு வரி வாசித்திருந்தால் பூனை வியாழக்கிழமையே வீட்டுக்குப் போயிருக்கும். போகும்போது அவர் அப்பாவிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "உங்கள் மகள் நல்ல பிள்ளை," என்றார். இரண்டு வடையும் எடுத்துக்கொண்டார்.

அப்பா சிரித்தபடிதான் பஸ் ஏறினார். பஸ்ஸில் அந்தக் கடதாசியை மறுபடி விரித்து, ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

"காட்ஸ எண்டா பூனைதானே பிள்ளை?"

"ஓம்."

"வேலி எண்டு எங்கை கிடக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று காத்திருந்தேன். "ஏனம்மா அப்பிடிச் சொன்னனி?" என்று மட்டும் கேட்டார். "விசா தரமாட்டினம் எண்டு," என்றேன். அப்பா கடதாசியை நாலாக மடித்துத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார்.

"இனி கடிதம் ஒண்டும் நீ வாசிக்க வேண்டாம்," என்றார் பிறகு.

கழுத்தைப் பிடித்து வீட்டை விட்டு வெளியே தள்ளியது போல இருந்தது. பொய் சொன்னதற்குத் தண்டனை என்று நினைத்தேன். அடுத்த மாதமே அப்பா மாலை நேர ஜெர்மன் வகுப்புக்குப் போகத் தொடங்கினார். தொழிற்சாலை உடுப்போடு போய், கண் சொருகிக்கொண்டு திரும்பி வருவார். மேசையில் உறைகள் வந்து கிடக்கும். அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு கடிதத்துக்கு ஒரு மணி நேரம் எடுப்பார். நான் அரை நிமிஷத்தில் வாசித்துவிடுவேன், ஆனால் கேட்க மாட்டார். அந்த ஒரு வருஷமும் எனக்கு அவரோடு கோபம்தான்.

அடுத்த வசந்தத்தில் நாற்பது கதியாலும் இலைவிட்டுத் தளதளவென்று நின்றன. தலைவர் விதிப் புத்தகத்தோடு வந்து ஒவ்வொன்றாக எண்ணினார். அவர் முகம் எங்கள் பழைய பற்றையின் பழம் போலச் சிவந்தது. நான் ஓடிப்போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா முன்னும் பின்னும் சொல் மாறி, வினையை மறந்து, பிறகு நினைத்துப் போட்டு, தானே கதைக்கத் தொடங்கினார். நான் திருத்த வாயைத் திறந்தேன். அப்பா என் தலையில் கையை வைத்துத் திருப்பி, "நீ போய் விளையாடு," என்றார்.

நான் போகவில்லை. மூக்கு நுனியில் கோபத்தோடு கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று, அவர் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன். 'போய் விளையாடு' என்று என்னிடம் சொல்வதற்காகத்தான் மனுஷன் ஒரு வருஷம் தூக்கத்தைத் தொலைத்துப் படித்தார் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.