கண்ணாடியைப் பிடித்த கை

இங்கே மஸ்கட்டில் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனால் முதல் வேலை, சுவரில் மாட்டியிருப்பதை எல்லாம் இறக்கி வைப்பது. வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வில்லாவுக்குப் போனோம். ஹாலில் பெரிய படம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு பெண், பல் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் கணவன் இல்லை, பிள்ளைகள் இல்லை. எனக்கு மனசு கனத்துவிட்டது. சின்ன வயசு, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, படத்தை இரண்டு கையாலும் இறக்கி, கால் படாத இடமாகப் பார்த்து மேசைமேல் கிழக்கு முகமாகச் சாய்த்து வைத்தேன். கொண்டுபோன துணிகளில் சுத்தமானதை எடுத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளறைக் கதவு திறந்தது. படத்தில் இருந்த அதே பெண், கையில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றாள். துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வொய் யூ கவர் மீ?" என்றாள். "டஸ்ட், மேடம்" என்றேன். "வெரி குட்" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனாள்.

நான் என்ன நினைத்தேன் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறவர்கள் சுவரில் கூட்டமாகத்தான் இருப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணுமாக, அல்லது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு ஆள் தனியாகச் சுவரேறினால் மாலையும் சின்ன பல்பும் கூடவே ஏறிவிடும். இங்கே அப்படி இல்லை. இங்கே உயிரோடு இருக்கிறவர்கள் தனியாகத் தொங்குகிறார்கள். அவர்களே அந்த வழியாக நடந்து போகிறார்கள், நின்றுகூடப் பார்ப்பதில்லை. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது பழகவில்லை.

எங்கள் வீடு கீழக்குயில்குடியில், சமணர் மலையைப் பார்த்த வாசல். அந்த வீட்டுச் சுவரில் நான் பல வருஷமாக ஒட்டுப் போட்டோவாகத்தான் இருந்தேன். என் மகள் கயல்விழியின் சடங்குக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. விசேஷம் முடிந்ததும் குடும்பப் படம் வேண்டும் என்று என் மனைவி பாண்டியம்மாள் கேட்க, ஸ்டுடியோக்காரர் என் பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து தலையை எடுத்து, கோட்டு போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் வைத்து, இரண்டு பேருக்கும் நடுவே நிறுத்திவிட்டார். வந்தவர் போனவர் எல்லாம் கோட்டு எடுப்பாக இருக்கிறது என்றார்கள். நான் இந்நாள்வரை கோட்டு போட்டதில்லை. படத்தில் அந்த ஆளின் கை, பாண்டியம்மாள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகில் கிடக்கும். மோதிரம் போட்ட, சிவந்த கை. லீவில் வந்தபோது அவள் அதைக் காட்டினாள். "மூஞ்சி ஒங்களது, சரி. இந்தக் கை யாரோடதோ. தூத்துத் துடைக்கும்போதெல்லாம் கண்ணுல படுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகு வீட்டில் எல்லோரும் அதைக் கட்டி என்றே சொன்னோம். நோயின் உண்மையான பேர் யார் வாயிலும் வரவில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற நாள் குறித்திருந்தார்கள். அவள் எனக்கு போன் போட்டாள்.

"முடி கொட்டிருமாம். அதுக்குள்ள வந்துருங்க. மூணு பேரும் போய் ஒரு போட்டோ எடுக்கணும். ஒட்டு வேணாம்."

"வாரேன்" என்றேன். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேச வேண்டிய நேரத்தில் எனக்கு எப்போதுமே பேச்சு பின்தங்கித்தான் வரும்.

இன்ஜினியரிடம் லீவு கேட்கப் போனேன். அவர் எகிப்துக்காரர், கெட்டவர் இல்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் போனேன். அவர் எதிரில் நின்றதும் வாயில் வந்தது, "ஃபேமிலி போட்டோ, சார்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தன் போனை எடுத்து ஆட்டிக் காட்டி, "மொபைல், மொபைல். ஷீ சென்ட், யூ சென்ட், ஃபினிஷ்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு என்ன புரிந்ததோ, தோளில் தட்டி, "மதர்?" என்றார். தலையை ஆட்டினேன். லீவு கொடுத்தார். என் அம்மா செத்துப் பல காலம்.

ஸ்டுடியோவுக்குப் போகிற நாள் காலையில் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது, சத்தம் மட்டும்தான் இல்லை. பாண்டியம்மாளின் அண்ணன் முத்தையா மச்சான் ஆட்டோ ஓட்டுகிறவர். விடிந்ததும் மாட்டுத்தாவணிக்குப் போய் மல்லிகை வாங்கி வந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை வேண்டாம், ரொம்ப அடர்த்தியான நிறம் வேண்டாம் என்று ஸ்டுடியோவில் சொல்லியிருந்தார்களாம். கயல் எனக்கு வெளிர்நீலச் சட்டை எடுத்து வைத்திருந்தாள், அவர்கள் இருவருக்கும் அதற்குத் தோதான சேலை, தாவணி. பாண்டியம்மாளின் ஜாக்கெட் அவள் உடம்பில் நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் அப்படி இளைத்திருந்தாள். கயல் முதுகுப் பக்கம் ஊக்குகளாகக் குத்தி இறுக்கினாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நூல் சுற்றி நிறுத்தினார்கள்.

"ஏ, ரொம்ப இழுக்காதடி. படம் எடுக்கையில ஊக்கு தெறிச்சு அந்த ஆளு கண்ணுல போயிரப் போகுது."

"நீ பேசாம நில்லும்மா."

அடுத்தது சடை. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. கயல் பின்னப் பின்ன, அவள் நுனியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இங்கிட்டு வாங்க, கையக் காட்டுங்க" என்றாள். என் நகக்கண்ணில் வெள்ளை எனாமல் ஒட்டியிருந்தது. கதவுக்கு அடிக்கிற பெயிண்ட், லேசில் போகாது. தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். போகவில்லை. மண்ணெண்ணெய் தேடினாள். வீட்டில் இல்லை. "இம்புட்டுத் தூரம் வந்தும் அந்த ஊரு ஒங்கள விட மாட்டேங்குதே" என்று கையைக் கீழே போட்டாள்.

ஸ்டுடியோ ஆரப்பாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது. படி ஏறுவதற்குள் பாண்டியம்மாள் இரண்டு தடவை உட்கார்ந்தாள். உள்ளே குடை மாதிரி விளக்குகள், பின்னால் சாம்பல் நிறத் திரை. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கயலையும் என்னையும் இருபக்கமும் நிறுத்தினார் போட்டோக்காரர். கறுத்து ஒல்லியான, கலகலப்பான மனுஷன்.

"அண்ணே, சிரிங்க. பக்கத்துல ஒங்க வீட்டம்மாதான, எதுக்குப் பயப்படுறீங்க?"

"பாஸ்போர்ட் எடுக்கையில சிரிக்கக் கூடாதுன்னு எவனோ சொல்லிட்டான். அன்னைக்கு நின்னது மாப்ளைக்குச் சிரிப்பு" என்றார் மச்சான் கதவோரத்திலிருந்து.

பாண்டியம்மாள் சிரித்தாள். அவள் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "பின்னாடி போடுங்கக்கா, சேலை மறைக்குது" என்றார் அவர். பின்னால் போட்டாள். அவர் கேமராவில் கண் வைத்ததும் மறுபடி முன்னால் எடுத்துப் போட்டாள். அவரும் விட்டுவிட்டார். வெளிச்சம் பளீர் பளீர் என்று அடித்தது. ஒவ்வொரு தடவையும் என் கண் மூடிக்கொண்டது. கூச்சம்தான். கேமராவுக்கு முன்னால் நின்றால் யாரோ என்னைக் கேள்வி கேட்கப் போவது மாதிரி இருக்கும்.

ஒருவழியாக அது முடிந்தது. அப்போது போட்டோக்காரர் சாதாரணமாகச் சொன்னார், "அண்ணே, நீங்க தள்ளிக்கங்க. பாப்பா நீயும். அக்காவுக்கு மட்டும் ஒரு சிங்கிள். அவங்க அண்ணன்தான் சொன்னாரு."

மச்சான் தரையைப் பார்த்தார். அவர் எதற்குச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுடைய அம்மா செத்தபோது வீட்டில் ஒரு படம் இல்லை. ரேஷன் கார்டில் இருந்த முகத்தைப் பெரிது பண்ணினார்கள். புகை மாதிரி இருந்தது. இன்றைக்கும் அதற்குத்தான் மாலை போடுகிறார்கள். தங்கைக்கு அப்படி ஆகக் கூடாது என்று அந்த மனுஷன் நினைத்திருக்கிறார். ரகசியமாகச் சொன்னதைப் போட்டோக்காரர் ரகசியம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"எதுக்குண்ணே சிங்கிள்?" என்று கேட்டாள் பாண்டியம்மாள்.

"சும்மாதான் தாயி. ஆதாருக்கு, எதுக்காச்சும் ஆகும்ல."

"ஆதாருக்கு அவங்கதான எடுப்பாங்க."

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயல் அழ ஆரம்பித்தாள். "அம்மா, வா போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பாண்டியம்மாள் எழுந்திருக்கவில்லை. சடையின் நுனியைத் தடவினாள். பிறகு போட்டோக்காரரிடம் சொன்னாள்:

"எடுங்க. ஆனா கண்ணாடி வச்சு எடுங்க."

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பூச்சடை தைத்து, பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி முன்பெல்லாம் எடுப்பார்கள். அவள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அப்படி ஒரு படம் இருந்தது. அவள் வயதுக்கு வந்த மாதம் அவளுடைய அப்பா செத்துப்போனதால் அவளுக்கு எடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் இதை ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"அதெல்லாம் இப்ப யாருக்கா எடுக்குறா? ஸ்டாண்டுகூட இல்லை" என்றார் போட்டோக்காரர். ஆனாலும் மேக்கப் அறைக்குப் போய் அங்கிருந்த கண்ணாடியைக் கழற்றித் தூக்கி வந்தார். யாராவது பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டேன். "இன்னும் சாய்ங்கண்ணே... லைட்டு அடிக்குது... அங்கிட்டு, அங்கிட்டு" என்று அவர் சொல்லச் சொல்லச் சாய்த்தேன். அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள், சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. "சடை தெரியுதா?" என்று அவள் கேட்பது மட்டும் காதில் விழுந்தது. எத்தனையோ வருஷம் போனில் கேட்டதும் அப்படித்தான், குரல் மட்டும்.

கேமராவின் பின்பக்கத்தில் படத்தைக் காட்டினார். சடை முழுக்கத் தெரிந்தது, மல்லிகையோடு, கடைசி முடி வரைக்கும். கண்ணாடியின் ஓரத்தில் நாலு விரல் தெரிந்தது. நகக்கண்ணில் வெள்ளை.

"கைய நான் எடுத்துருவேன்க்கா. தடமே தெரியாது."

பாண்டியம்மாள் ரொம்ப நேரம் பார்த்தாள். "வேணாம். கை இருக்கட்டும்" என்றாள்.

மருந்து ஏற்றிய பிறகு முடி போனது. புருவமும் போனது. லீவு முடிந்து நான் திரும்பி வந்துவிட்டேன். குடும்பப் படம் வீட்டுக்கு வந்ததும் கயல் போனில் அனுப்பினாள். எல்லாவற்றிலும் என் கண் மூடியிருந்ததால் பழைய பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து கண்ணை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள். நேரில் போய் நின்றும் அதில் நான் பாதி ஒட்டுதான். பாண்டியம்மாள் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்றாள் கயல்.

அவள் இறந்தபோது நான் இங்கேதான் இருந்தேன். நான் போய்ச் சேரும்வரை குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு ஸ்டூல், அதன்மேல் அந்தக் கண்ணாடிப் படம். பெட்டிக்குள் மொட்டைத் தலை, படத்தில் சடை. மச்சான் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனவர், அப்படியே நின்றார்.

"மாப்ள, இதுல ஒங்க கை இருக்கு."

கூடியிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். உசுரோட இருக்கிறவன் கைக்கு மாலை போடுவார்களா என்று ஒரு பேச்சு எழுந்தது. மச்சான் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டார். நிமிஷத்தில் கையை எடுத்துவிட்டு வேறு பிரின்ட் தருவதாக அந்த ஆள் சொன்னார்.

"வேணாம் மாமா. அம்மா இருக்கட்டும்னுதான் சொல்லுச்சு" என்றாள் கயல்.

"வெவரம் தெரியாமப் பேசாத. ஒங்கம்மா போனது பத்தாதா? ஒங்கப்பனும் போகணுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"இருக்கட்டும் மச்சான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மாலையைப் படத்துக்குப் போடாமல் ஸ்டூலின் காலில் சுற்றிவிட்டு வெளியே போய்விட்டார்.

இப்போது அந்தப் படம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மாலை இல்லை, பல்பு இல்லை. கயல் கல்லூரிக்குப் போகிறாள், மச்சான் வீட்டில் சாப்பாடு. சாயங்காலம் வந்து வீட்டைத் திறந்து, கூட்டிவிட்டு எனக்கு வீடியோவில் பேசுவாள். போன வாரம் சிலிண்டர் போட வந்த புது ஆள் ஹாலில் நின்று படத்தைப் பார்த்திருக்கிறார். "அம்மா வெளிய போயிருக்காங்களா பாப்பா? கையெழுத்து வேணுமே" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்ப்பா. நானே கையெழுத்துப் போட்டேன்."

அவள் தோளுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. பாண்டியம்மாள் இருந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் அந்த நாலு விரலும் இருந்தன. நான் அப்போதுதான் வேலை முடித்து வந்து, தின்னரில் துணியை நனைத்து நகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இங்கே துடைத்தால் பெயிண்ட் போய்விடுகிறது. அங்கே போகவில்லை.