அத்தையின் ஆப்பிரிக்கா

ஆப்பிரிக்கா என்றதும் மற்றவர்களுக்குச் சிங்கம் ஞாபகம் வரலாம். எனக்கு அப்பாவின் மேல் கோபம் வரும். இத்தனை வருடமாகியும் அது குறைந்தபாடில்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கம்பம் பக்கத்துக் கூடலூரில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். மாமா போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போயிருந்தார். எப்போதாவது நெட் காலில் பேசுவார். முகம் காட்ட மாட்டார், சிக்னல் இல்லை என்பார். முதலில் கென்யா என்றார், பிறகு தான்சானியா, அப்புறம் ஜாம்பியா. எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே வண்டி போகும், வண்டியோடு நானும் போவேன், இதில் எந்த விலாசத்தைக் கொடுப்பது என்று கேட்பார். பாவம், அலைச்சல் பிழைப்பு என்று அத்தை எங்களிடம் வருத்தப்படுவார்.

ஒருநாள் திராட்சைத் தோட்டத்தில் கொடி நறுக்கும் கவாத்து வேலை முடிந்து வந்த அத்தை, கைகூடக் கழுவாமல் என்னிடம் கேட்டார்.

"ஏத்தா, ஆப்பிரிக்காவ இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் பஸ்லயே போயிற முடியுமா? அவுக எந்த நாட்டுல நின்னாலும் நாம போயி எறங்கிருவோம்."

'நாம' என்றதில் நானும் சேர்த்தி. அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

கம்பத்திலிருந்து பெரிய ஆப்பிரிக்கா படம் வாங்கி வந்தது அப்பாதான். நன்றாகப் படித்து அத்தைக்கு வழி சொல்லு என்று எனக்கு உத்தரவு வேறு. இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று தெருவே பேசியது. அம்மா மட்டும் அதைச் சுவரில் ஒட்ட விடவில்லை. சுண்ணாம்பு பெயர்ந்துவிடுமாம்.

ஆகவே தரையில் விரித்து, எதிரெதிரே குப்புறப் படுத்துக்கொண்டு நானும் அத்தையும் பயணம் போனோம். முதலில் எத்தியோப்பியா. அங்கே புளித்த மாவில் தோசை மாதிரி சுட்டு, எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிய்த்துச் சாப்பிடுவார்களாம். "அப்பத் தனியா வர்ற பொம்பளைக்கும் அங்கன ஒரு எடம் இருக்கும்" என்றார் அத்தை. கென்யாவில் வெள்ளைச் சோள மாவில் களி கிண்டுவார்கள் என்றதும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. சான்சிபார் தீவில் பாங்கு ஓதுவது கேட்கும், உத்தமபாளையம் மாதிரி இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். ஜாம்பியா அருவிக்குச் சுருளியை மனதில் பெரிதாக்கிக்கொண்டோம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் அத்தையிடம் ஒரே கேள்விதான் இருந்தது. "புருசனத் தேடி வந்திருக்கேன்னு சொன்னா சிரிக்க மாட்டாகளே?" எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

மொழிதான் மலைப்பாக இருந்தது. ஒரே நாட்டுக்குள் எத்தனையோ பேச்சு. சுவாகிலியில் 'ஜாம்போ' என்றால் வணக்கம். மிளகாய் இடிக்கும்போதெல்லாம் அத்தை அதைச் சொல்லிப் பழகினார். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு அப்பாதான் கூட்டிப் போகவேண்டும். திராட்சை வெட்டு முடியட்டும் என்பார், முடிந்ததும் மழை விடட்டும் என்பார்.

அதற்குள் மாமாவின் பேச்சும் நின்றுபோயிற்று. எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாமல் என்னால் படத்தில் எங்கள் வழியின் கடைசிக் கோட்டைப் போட முடியவில்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அதை நோண்டிக்கொண்டிருந்தபோது 'மாப்பிள்ளை புது நம்பர்' என்று ஒன்று கண்ணில் பட்டது. ஓடிப்போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தேன்.

ஒரு சின்னப் பிள்ளை எடுத்தது. "அச்சன் குளிக்குவா" என்றது. பின்னாலிருந்து ஒரு பெண்குரல் "ஆராடா அது?" என்று கேட்டது. அதோடு லைன் கட்டாகிவிட்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு மலையாளக் கிறித்தவப் பிள்ளைகள் தங்கள் அப்பாவைச் 'சாச்சன்' என்பார்கள், சர்ச் பாதிரியாரைத்தான் 'அச்சன்' என்பார்கள். அப்படியானால் மாமா ஏதோ ஒரு பாதிரியார் வீட்டில் தங்கியிருக்கிறார், பாதிரியார் குளிக்கிறார், சமையலுக்கு ஓர் அம்மாவும் இருக்கிறார். அப்பாவுக்கும் மலையாளத்தில் அச்சன் என்றே பெயர் என்பது எனக்குத் தெரிய இன்னும் சில வருடம் ஆனது.

"அத்தை, ஆப்பிரிக்காவுலயும் மலையாளிக இருக்காக! ஜாம்போ எல்லாம் வேணாம், மலையாளமே போதும்!" என்று குதித்தேன்.

அத்தைக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன், மலை தாண்டிக் கேரளத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போய்வந்தவர். போனை வாங்கி, அப்பா பதிந்து வைத்திருந்த அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த நாடுன்னு கேக்காம விட்டுட்டமேத்தா" என்றார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் போனை நீட்டி, "அண்ணே, ஆப்பிரிக்கா எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார்.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மலைக்கு அங்கிட்டுதான்" என்றார் கடைசியில். "புத்தி தெளிஞ்சு வந்துருவான்னு பாத்தேன். வெளிய தெரிஞ்சா நமக்குத்தான அசிங்கம்?"

"நமக்கா?" என்றார் அத்தை. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

நான் அதற்குள் படத்தை விரித்துவிட்டேன். மலைக்கு அங்கிட்டு என்றால் கிளிமஞ்சாரோதான். தான்சானியா வரைக்கும் சிவப்பு மையில் கடைசிக் கோட்டைப் போட்டு முடித்தேன்.

மறுநாள் காலை அத்தை கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் நேரே போய்க் குமுளி ஜீப்பில் ஏறினார்.

"அத்தை, மதுரை பஸ்ஸு எதுத்தாப்புல நிக்கிது! ஏரோப்ளேன் அங்கிட்டுதான்!" என்று கத்தினேன்.

ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போத்தா" என்றார். ஜீப் மலைப்பக்கம் திரும்பிவிட்டது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தனை நாள் கூடப் படுத்து வழி கண்டுபிடித்தது நான். என்னையும் விட்டுவிட்டு, படத்தையும் விட்டுவிட்டு, வண்டியும் மாறி ஏறிப் போகிறாரே. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, அத்தை தப்பான வண்டியில் ஏறிவிட்டார் என்று சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா தலை நிமிராமல் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவராவது எழுந்து போய்த் தங்கைக்குச் சரியான வண்டியைக் காட்டுவார் என்று, படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.