என் வீட்டுக்காரர் ஓடவில்லை

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று யுத்த காலத்தில் மெட்ராஸ் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. வக்கீல்கள் ஓடினார்கள், வியாபாரிகள் ஓடினார்கள், தைரியத்தைப் பற்றி மேடையில் முழங்கியவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்கள். அந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்து நடந்தார். தெருவில் அவர் ஒருவர்தான் அந்தத் திசையில் போனார். இதை எழுதும்போது இப்போதும் எனக்குத் தலை தானாக நிமிர்கிறது. நிமிரட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

அவர் கல்யாணத்துக்கு முன்பே கடற்படையில் சில வருஷம் இருந்துவிட்டு, ரிசர்வில் வந்தவர். ரிசர்வ் என்றால் வீட்டில் இருந்து பிழைப்பைப் பார்க்கலாம், கூப்பிட்டால் மறுபேச்சுப் பேசாமல் போக வேண்டும். கூப்பிட்டார்கள், போனார். கடலில் எதிரி போட்டுவைத்த கண்ணிவெடிகளைத் தேடி அகற்றும் சின்னக் கப்பல் ஒன்றில் வேலை கொடுத்தார்கள். மற்ற கப்பல்கள் வெடிக்குப் பயந்து ஒதுங்கும், இந்தக் கப்பல் வெடியைத் தேடிப் போகும். அதில் யுத்தம் முடிகிற வரைக்கும் இருந்தார்.

முடிந்ததும் லீவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். "முறைப்படி விடுவிக்க ஆள் அனுப்புவோம், அப்போது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று சொல்லியிருந்தார்கள். காத்திருந்தார். ஆள் வரவில்லை. சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் கலைத்துக்கொண்டிருந்த நேரம், நம்மை மறந்திருப்பார்கள் என்று நினைத்தார். ராயபுரத்துக் கடலோரம் எங்கள் குப்பத்தில் பழையபடி கட்டுமரம் ஏறினார். வருஷங்கள் போயின, கோட்டையில் கொடியும் மாறியது.

அப்புறம் துறைமுகத்து லாஞ்சுப் படகுகளை ஓட்டுவதற்கு ஆள் எடுக்கிறார்கள், பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு முதலிடம் என்று கேள்விப்பட்டேன். நான்தான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். விடுவித்த பத்திரம் கேட்டு எழுதிப் போட்டோம். பம்பாயிலிருந்து பதில் வந்தது. கன்னியாஸ்திரீகளிடம் எட்டாவது வரை படித்தவள் என்பதால் குப்பத்துக்கு வரும் இங்கிலீஷ் எல்லாம் என் கைக்குத்தான் வரும். வாசித்தேன். விடுவிப்புக்கு அழைத்தும் வராமல் ஓடிப்போனவர் என்று இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த மீன் குழம்பு தீய்ந்து போனது. பட்டணம் முழுக்க ஓடியபோது நடந்து போன மனுஷனையா ஓடினவன் என்கிறார்கள்? அவர் "இன்னொரு வாட்டி படி" என்று மட்டும் கேட்டார். நான் படிக்க மாட்டேன் என்றேன்.

கீழே காரணமும் போட்டிருந்தது. அழைப்பைக் கொண்டுபோன போலீஸ்காரர் குப்பத்தில் விசாரித்ததாகவும், அப்படி ஓர் ஆளே இங்கே கிடையாது என்று ஊர்க்காரர்கள் சொன்னதாகவும் அறிக்கை கொடுத்திருக்கிறார். வாசித்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் குப்பத்தின் வழக்கம் அது. காக்கிச் சட்டை வந்து யார் பேரைக் கேட்டாலும் அந்தப் பேரில் ஆள் இல்லை. எதற்குக் கேட்கிறான் என்றுகூட எவரும் விசாரிப்பதில்லை. சாராயக் கேஸா, அடிதடிக் கேஸா, நமக்கு எதற்கு? பெற்ற தாயே மகனைத் தெரியாது என்று சாதிப்பாள். அறிக்கையில் போட்டிருந்த அந்தத் தேதியில் இவர் பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கப் போய்த் தங்கியிருந்தார், நானும் பிள்ளைகளும் கூட இருந்தோம். திரும்பி வந்தபோது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள், அதுவும் வழக்கம்தான்.

ஊர்த் தலைவரிடம் போய் நின்றேன். என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் முறை, எங்கள் கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நடந்தவர். வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார்.

"போலீஸ்கிட்ட இவரு இல்லன்னு சொன்னது யாரு?" என்றேன்.

"நான்தாம்மே," என்றார், முகமெல்லாம் பெருமையாக. "உன் புருசன காப்பாத்திக்கீறேன். அந்த ஆளு எவ்ளோ நேரம் சுத்திகினு இருந்தான் தெரியுமா? ஒருத்தரும் வாய தொறக்கல."

"நல்லா காப்பாத்தினீங்க! ஓடிப்போனவன்னு எழுதிட்டாங்க!"

நான் விவரம் சொல்லி முடித்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் பம்பாய்க்கு எழுதி அனுப்புவதற்காக மேஜிஸ்ட்ரேட் முன்னால் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றதும் பதறிப்போனார். "போலீஸ்கிட்ட பொய் சொன்னேன்னு நானே போய் சொன்னா உள்ள தள்ளிடுவான்மே. உட்டுடு, வேற எதுனா பாக்கலாம்" என்றார். ஊருக்கே தலைவர், புயலில் கட்டுமரம் தள்ளுகிறவர், கோர்ட்டுக் கச்சேரி என்றால் இவ்வளவு பயம்.

வீட்டில் இவரோ அதற்கு மேல். "அவுரு எனக்கோசரம்தான பொய் சொன்னாரு? அவர இன்னாத்துக்கு இழுக்கற? வுடு" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே இருங்கள், நான் மட்டும் ஓடினவன் பெண்டாட்டியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரிகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்திக்கொண்டு கேட்டார்கள்.

நான் பூசைக்குப் போய்த் திரும்பிய ஒரு காலையில் தலைவர் எங்கள் வாசலில் நின்றார். சலவை வேட்டி, ஈஸ்டருக்குப் போடுகிற சட்டை. "கெளம்புங்க," என்றார். "ராவெல்லாம் தூக்கமே வர்ல. உள்ள போட்டா வாரத்துக்கு ஒரு வாட்டி வந்து பாரு, மீன் எட்த்துகினு வா." கூடவே, அன்று போலீஸ்காரரிடம் தெரியாது என்று சொன்ன வேறு சிலரும் வந்திருந்தார்கள். மீன்கூடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்த பெண்களும் அதில் உண்டு. நான் யாரையும் கூப்பிடவில்லை.

மேஜிஸ்ட்ரேட் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். தலைவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரரைக் காட்டி, "இந்த ஆளை உனக்கு அன்றைக்குத் தெரியுமா?" என்றார்.

"இவன் பொறந்தப்ப தூக்கி வச்சிகினு நின்னவன் நான், தொரை."

"பிறகு ஏன் தெரியாது என்று சொன்னாய்?"

"போலீஸ் கேட்டா தெரியாதுன்னுதான் சொல்லுவோம், தொரை. யாரா இருந்தாலும் அப்டிதான்."

அங்கிருந்த குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். மேஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. "அன்றைக்குப் பொய் சொன்னவன் நீ. இன்றைக்குச் சொல்வது உண்மை என்று நான் எப்படி நம்புவது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் எழுதிவைத்திருந்த மனுவில் அதற்குப் பதில் கிடையாது.

தலைவர் கை கூப்பினார். "அன்னிக்கி பொய் சொல்லசொல்லோ எனக்கு பயமே இல்ல, தொரை. சிரிச்சிகினே சொன்னேன். இன்னிக்கி பாருங்க, காலு எப்டி ஒதறுதுன்னு. பொய் சொல்றதா இருந்தா நான் வூட்லயே இருந்துருப்பேனே, இங்க இன்னாத்துக்கு வரணும்?"

நிஜமாகவே அவர் வேட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போது என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, கப்பலில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். "இவருக்கு எதுனா தண்டன குடுக்கறதா இருந்தா எனக்கு இந்த பேப்பரே வாணாம், தொரை. ஓடுனவன்னே இருக்கட்டும்" என்றார்.

அடப்பாவி மனுஷா, இவ்வளவு தூரம் வந்து இப்படிக் கொட்டிக் கவிழ்க்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. மேஜிஸ்ட்ரேட் அவரைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் சொன்னதையும் டைப் அடிக்கச் சொன்னார். தண்டனை என்ற பேச்சே எடுக்கவில்லை.

அந்தத் தாள்களைப் பம்பாய்க்கு அனுப்பினோம். பல மாதம் சென்றது. ஒருநாள் புதுப் பத்திரம் வந்தது. பழைய பதிவு ரத்து, யுத்தம் முடிந்த பிறகு நன்னடத்தையுடன் விடுவிக்கப்பட்டார் என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனோம். வயது வரம்பு தாண்டிவிட்டது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நான் அங்கேயே சண்டைக்கு நின்றேன். அவர் என் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் கரையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பத்திரத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

"வேல?" என்று கேட்டார் தலைவர்.

"இல்ல மாமா. வயசு தாண்டிட்ச்சாம்."

கிழவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இவ்ளோ பேஜாரும் எதுக்குடா?"

"நாளிக்கி நான் இல்லாம பூட்டா, என் புள்ளைங்க கைல இந்த பேப்பர்தான் மாமா இருக்கும். அதுல அவங்க அப்பன் ஓடுனான்னு இருக்காது."

நான் வேலைக்காகவும் என் வீறாப்புக்காகவும் அத்தனை சண்டையும் போட்டேன். அவர் எதற்காகக் கூட வந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "இன்னொரு வாட்டி படி" என்றார் என்னிடம். படித்தேன், குரலை உயர்த்தி, அடுத்த குப்பத்துக்கும் கேட்கட்டும் என்று.