கீழே போடத் தெரியாத சிஸ்டர்

கதவை இரண்டு கையாலும்தான் மூடுகிறாள் பிரிஸில்லா. ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை கதவின் விளிம்பில். தாழ்ப்பாள் விழும் சத்தம்கூட வெளியே வராது. குக்கர் மூடியும் அப்படித்தான், பீரோவும் அப்படித்தான். ஜோகுபாளையத்து மாடி வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று கீழ்வீட்டு ஐரின் ஆன்ட்டிக்கு வாரத்துக்கு ஒருமுறையாவது சந்தேகம் வந்துவிடும். மாடிப்படி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

வேலை அப்படி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கும் வார்டில் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். அங்கே ஒரு ஸ்டீல் கிண்ணம் கைதவறி விழுந்தால் போதும், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கைகால்கள் எல்லாம் திடுக்கிட்டு விரியும். தொள்ளாயிரம் கிராம் குழந்தையை ஓர் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் விரிப்பை மாற்றுவாள் பிரிஸில்லா. நூல் மாதிரி ஓடும் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டுமென்றால், "பிரிஸில்லா சிஸ்டர் டியூட்டில இருக்காங்களா?" என்றுதான் டாக்டர்களே முதலில் கேட்பார்கள். அவள் கையிலிருந்து ஒரு பஞ்சு உருண்டை விழுந்து யாரும் பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்டவள் நாற்பத்து மூன்று வயதில், ஊரிலுள்ள விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டு, இருப்பதிலேயே அதிகம் சத்தம் போடும் விளையாட்டைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மாதத்துக்கு முன் அல்சூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாளாம். எதிர்ச்சாரியில் பாதி ஷட்டர் திறந்த ஒரு ஜிம். உள்ளே ஒரு பெண் குனிந்து, தரையில் கிடந்த இரும்புக் கம்பியை ஒரே மூச்சில் தலைக்கு மேல் எறிந்த மாதிரி தூக்கி, அதன் அடியில் உட்கார்ந்து, எழுந்து நின்றாள். அப்புறம் கையை விட்டாள். தடால்! "மூணு பஸ்ஸு போச்சுங்க. நாலாவது வந்தப்போ நான் ரோட்டுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு இருக்கேன். எப்படிக் கிராஸ் பண்ணேன்னே தெரியல," என்று யாரிடம் சொன்னாலும் அப்போதுதான் நடந்த மாதிரி மூச்சு வாங்கச் சொல்கிறாள்.

ஜிம்மின் பயிற்சியாளர் சஹானாவுக்கு இருபத்தேழு வயது. கல்லூரி நாளில் பளு தூக்கிப் பதக்கம் வாங்கியவள். தன்னைவிடப் பதினாறு வயது சின்னவளை பிரிஸில்லா மரியாதை குறையாமல் 'கோச்' என்கிறாள். கோச்சும் மற்றவர்களும் அவளை 'சிஸ்டர்' என்கிறார்கள். வந்த அன்றைக்கே கம்பியைத் தொடலாம் என்று நினைத்தவளிடம் சஹானா நீட்டியது ஒரு பிளாஸ்டிக் பைப். "பைப் ஒழுங்கா மேல போகட்டும் சிஸ்டர், அப்புறம் கம்பி." மூன்று வாரம் பைப்தான். வீட்டில் பைப் இல்லாததால் தரை துடைக்கும் மாப் குச்சியில் பயிற்சி. பள்ளிக்கூட ஆசிரியனான அவள் கணவன் ஓஸ்வால்ட், பரீட்சைப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "வீட்டைத் துடைக்கப் போறியா, தூக்கப் போறியா?" என்று கேட்டான்.

நாலாவது வாரம் கம்பி கைக்கு வந்தது. பெண்களுக்கான கம்பி, வெறும் கம்பியே பதினைந்து கிலோ. "எங்க வார்டுல இருக்கிற பாப்பா எல்லாத்தையும் சேர்த்து வச்சாலும் பதினஞ்சு வராது கோச்!" என்று கூவினாள். கூவினாள் என்பது அவள் கணக்கில். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. கட்டைவிரலைக் கம்பியில் சுற்றி, அதன்மேல் மற்ற விரல்களை மடக்கிப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் அந்த வலி உயிர் போகும். எல்லோரும் ஏதேதோ டேப் சுற்ற, பிரிஸில்லா பையிலிருந்து ஊசி ஒட்டும் வெள்ளை பிளாஸ்டரை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். இப்போது ஜிம்மில் பாதிப்பேர் அவளிடம்தான் விரலை நீட்டுகிறார்கள்.

எது இப்படிப் பிடித்துப்போயிற்று என்று கேட்டால் அவளுக்குக் கண் விரிகிறது. "கம்பி இடுப்பத் தாண்டி மேல போகும்ல, அப்போ ஒரு நொடி அதுக்கு வெயிட்டே இருக்காது. சத்தியமாங்க! அந்த ஒரு நொடிக்குள்ள நாம அடியில போய் உட்கார்ந்துடணும். சக்கத்தா, அவ்வளவு ஜோரா இருக்கும்!"

ஆனால் ஒரு கோளாறு. தூக்கி முடித்ததும் எல்லோரும் கம்பியைக் கீழே விடுவார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் தட்டு இருப்பதால் அது குதித்து அடங்கும். பிரிஸில்லா விடமாட்டாள். தலைக்கு மேலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து தரைக்கு, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் இறக்கி வைப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை. சஹானா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் பயந்தது ஒரு வியாழக்கிழமை நடந்துவிட்டது. இருபத்தெட்டுக் கிலோ. கம்பி தலைக்கு மேல் போய்ச் சற்றுப் பின்னால் சாய்ந்தது. யாராக இருந்தாலும் கையை விட்டு முன்னால் ஓடியிருப்பார்கள். பிரிஸில்லா கம்பியோடு போனாள். பின்பக்கமாகத் தரையில் உட்கார்ந்து, கம்பி கீழே படாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பேர் ஓடிவந்து வாங்கினார்கள். "விழலல்ல?" என்று அவள் கேட்டது தன்னைப் பற்றியல்ல, கம்பியைப் பற்றி.

மறுநாள் வார்டில் ஊசியை எடுத்தபோது வலது மணிக்கட்டு நடுங்கியது. ஒருமுறை கையை உதறிப் பார்த்தாள். அப்போதும் நிற்கவில்லை. "ஜாய்சன், நீ போடுப்பா," என்று சின்ன நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஊசியை இன்னொருவர் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவளுக்கு வந்த பயம் சாதாரணப் பயமில்லை. சோறு போடுகிற கை அது.

மணிக்கட்டு வீக்கம் வடிந்து ஒரு வாரம் கழித்து ஜிம்முக்குப் போனபோது சஹானா வாசலிலேயே மறித்தாள்.

"சிஸ்டர், புதுசா வர்றவங்களுக்கான போட்டிக்கு உங்க பேரைக் குடுத்திருக்கேன். கம்பிய விடத் தெரியலன்னா வாபஸ் வாங்கிடுவேன். நாப்பது கிலோவுல இப்படிப் பண்ணா, தோளு கழண்டு கையோட வந்துரும்."

"கையில இருக்கிறத விடுறதுன்னு ஒண்ணு என் சர்வீஸ்லயே இல்லியே, கோச்."

"அதான் இன்னிக்குப் பாடம். ஒண்ணுகூட ஏறக் கூடாது. பத்துத் தடவை தூக்குங்க, பத்தும் மிஸ் ஆகணும்."

முதல் தடவை வழக்கம்போல இறக்கி வைத்தாள். கணக்கில் சேராது என்றாள் சஹானா. அடுத்தது விட்டாள், விட்ட கையோடு திரும்பிக் குனிந்து, குதிக்கிற கம்பியை அமுக்கினாள். அதற்கடுத்ததற்கு, "ஸாரி," என்றாள். கம்பியிடம். ஜிம்மே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, அவளும் சிரித்தாள். ஏழாவதில் கண்ணை மூடிக்கொண்டாள். பத்தாவதில்தான் கையைத் திறந்து ஓரடி முன்னால் போய் நின்றாள். பின்னால் இடி விழுந்தது. தோள் குலுங்கியது, ஆனால் அவள் நகரவில்லை.

"ஆயித்து, முடிஞ்சுது!" என்று கைதட்டினாள் சஹானா. பிறகு, "இது நாமளா விடுறது சிஸ்டர். நிஜமா தப்பிப் போறப்போ கை என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அது பிரிஸில்லாவுக்கும் தெரியவில்லை. அதனால் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "போட்டியில ஒரு தடவை நான் பிடிச்சுக்கிட்டு நின்னாலும் சரி, அங்கேயே ஷூவக் கழட்டிடுறேன் கோச், அதோட இந்த விளையாட்டே வேணாம். எனக்கு வார்டு வேணும்." சொல்லும்போது கம்பியைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் அந்தக் கம்பி அவளுக்கு அவ்வளவு வேண்டியதாகிவிட்டிருந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை, அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில். காலைப் பூசையை முடித்துக்கொண்டு ஓஸ்வால்டோடு வந்தாள். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்று நடுவர்கள், ஒவ்வொருவர் கையிலும் வெள்ளைக் கொடி ஒன்று, சிவப்புக் கொடி ஒன்று. பெயரைக் கூப்பிட்டதும் சாக் பவுடரை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு மேடையேறினாள். முப்பது கிலோ. ஜிம்மில் இரண்டு முறை தூக்கியதுதான்.

குனிந்தாள். மூச்சை நிறுத்தினாள். கம்பி தொடையைத் தாண்டி, இடுப்பைத் தாண்டிப் பறந்தது. அவள் அடியில் போய் உட்கார்ந்தாள். கை நீண்டது, கம்பி தலைக்கு மேல் நின்றது. எழப் பார்த்தாள். அப்போது கம்பி மெல்லப் பின்னால் நழுவ ஆரம்பித்தது. சத்தம் போடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்த ஓஸ்வால்ட் நாற்காலி சாய எழுந்து நின்றான். ஓரத்தில் சஹானா மூச்சுவிடவில்லை. கம்பி இன்னும் ஒரு விரல்கடை பின்னால் போயிற்று. தோள் வளைந்தது.

பத்து விரலும் திறந்தன.

பிரிஸில்லா முன்னால் பாய்ந்தாள். பின்னால் முப்பது கிலோவும் மேடையில் இறங்கியது. மண்டபத்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, முன்வரிசையில் யாரோ காபியைச் சிந்திக்கொண்டார்கள். மூன்று சிவப்புக் கொடியும் உயர்ந்தன. "அய்யோ பாவம்," என்றார் ஒரு பெரியவர்.

பாவப்பட்டவளோ மேடையில் துள்ளிக்கொண்டிருந்தாள். "விட்டுட்டேன் கோச்! விட்டுட்டேன்!" மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கும் குரல். அந்தக் குரலை ஓஸ்வால்டே அதுவரை கேட்டதில்லை. ஓடிப்போய் சஹானாவைக் கட்டிக்கொண்டதில், கோச்சின் கறுப்புச் சட்டை முதுகில் இரண்டு வெள்ளைக் கைகள் பதிந்தன. தோற்றவர் ஏன் குதிக்கிறார் என்று நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாய்ப்புக்கு எடை எழுத வேண்டியவர் மேசையிலிருந்து, "மேடம், அதே முப்பதுதானே?" என்று கேட்டார்.

சஹானா ஆமாம் என்று தலையாட்டப் போனாள். அதற்குள் அவள் தோளுக்கு மேலாக, பவுடர் பூசிய ஒற்றை விரலை உயர்த்தி, இன்னும் ஒரு கிலோ ஏற்றச் சொன்னாள் பிரிஸில்லா.