செம்பிலிருந்த அம்மா

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிறது. நினைப்பேன், அப்புறம் சாமி விளக்கைத் துலக்கப் போய்விடுவேன். நான் ஒன்பதாவது வரைதான் படித்தவள். எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் என் வீட்டுக்காரரின் அக்கா வருகிறார். அவர் நாலு பேரிடம் ஒருவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, அவர் உயிரோடு இருக்கும்போதே நான் வேறுவிதமாக எழுதி வைப்பது சரியாகப் படவில்லை. போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் யோசனையாகத்தான் இருக்கிறது. அம்மன் சம்பந்தப்பட்ட விஷயம். கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுச் சொந்தக்காரர், ரிட்டயர் ஆன டீச்சர். எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்து அவர் முன்னாடியே போய்விட்டார். வீடு பார்த்து முடித்ததும், சாமானைக் கப்பலில் போட்டுவிட்டு நீயும் பாப்பாவும் ஃபிளைட் ஏறுங்கள் என்று போன் பண்ணினார்.

எங்கள் சொந்த ஊர் கேளம்பாக்கத்துக்குத் தெற்கே, கடலோரம். மீன் பிடிக்கிற குடும்பம். கரைமேலே மணலில் ஏழு கன்னிமார் இருக்கிறார்கள், அதுதான் குலசாமி. ஏழு பேரையும் சேர்த்து ஒரே அம்மன் என்றுதான் சொல்வோம். ஊரைவிட்டு வேறு ஊரில் குடும்பம் போட்டால், கோயில் முன்னாடியிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பார்கள். பிடிமண் என்பார்கள். போகிற இடத்துக்கு அம்மனும் கூடவே வந்துவிட்டாள் என்று அர்த்தம். நாங்கள் தாம்பரம் வந்தபோது மாமனார் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அதைப் பித்தளைச் செம்பில் வைத்து, பூஜை அலமாரியில் நடுவில் வைத்திருந்தேன்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எடுத்துவந்த நாளுக்கு அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அதை மண் என்று சொன்னதில்லை. அம்மா என்போம். அம்மாவுக்கு விளக்கு வைத்தாயா, அம்மாவுக்குப் பூ வாங்கி வா, இப்படித்தான் பேச்சு. சொல்லக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

சாமான் கட்ட மூன்று பேர் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கரணையில் அவர்களுக்குக் குடோன். மற்ற இரண்டு பேர் பேசாமல் வேலை பார்க்க, மேஸ்திரி மாதிரி இருந்த ஒருத்தர்தான் பேச்செல்லாம். நாற்பது வயசு இருக்கும். காதில் மார்க்கர் பேனா சொருகியிருந்தார். எனக்கு ஒத்தாசைக்கு அண்ணி வந்திருந்தார். வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஊரிலிருந்து கேளம்பாக்கம் வந்து பஸ் மாறி, தாம்பரம் மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்பவர். அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"ஆயா, இன்னாது அது, நாத்தம் கேட்டாண்டயே வந்துச்சு?" என்றார் அந்த ஆள்.

"யாருடா ஆயா? உனுக்கு அக்கா நானு. என் தம்பிக்கு கருவாடு. வஞ்சிரம்."

"கருவாட்டக் கப்பல்ல ஏத்துனா கப்பல் பாதி தூரம் போய்ட்டு திரும்பி வந்துடும்கா. அந்த ஊர்ல ரூல்ஸு ரொம்ப டைட்டு."

"மீனு கடல்ல இருக்கலாம், கருவாடு கடல்மேல போவக் கூடாதா? நல்லாக்கீதுடா உங்க ரூல்ஸு."

கருவாட்டை அண்ணி அவர்களுக்கே கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த மூன்று பேரும் அண்ணி சொன்ன வேலையெல்லாம் செய்தார்கள்.

பெட்டி கட்டுவதற்கு முன்னாடி அந்த மார்க்கர் பேனா ஆள் என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். விதை கூடாது, ஊறுகாய் கூடாது, துடைப்பம் கூடாது, வண்டு அரித்த மரம் கூடாது. பாப்பாவின் ஸ்கூல் ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த கழுவிடுங்க, அடியில ஒட்டிக்கினு கீறத கூட அங்க பெட்டி செக் பண்றவன் நோண்டிப் பாப்பான். மண்ணு சுத்தமா ஆவாது அவனுக்கு" என்றார். கடைசியில் ஒரு பேப்பரில் நான் கையெழுத்துப் போட வேண்டும், இதெல்லாம் எதுவும் இல்லை என்று.

"தொட்டி, செடி, மண்ணு கிண்ணு எதுனா வச்சிக்கிறியாக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

மனதறிந்து சொன்ன பொய் இல்லை அது. அந்த நேரத்தில் என் வீட்டில் மண் இருப்பதாக எனக்கு நினைப்பே வரவில்லை.

கிரைண்டர், குக்கர், இட்லித் தட்டு, பீரோவில் இருந்த புடவை எல்லாம் கட்டி முடித்து, பூஜை அலமாரிக்கு வந்தார். கை கால் கழுவிவிட்டு வரச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கழுவிவிட்டு வந்தார். படங்களை எடுத்துத் துணி சுற்றினார். அப்புறம் செம்பில் கை வைத்தார். அது வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், வரவில்லை.

"இன்னாக்கா, பசை போட்டு ஒட்டிக்கிறியா?"

அண்ணி கூடத்திலிருந்து எழுந்து வந்தார். மார்பில் கை வைத்தார். "அவளுக்கு இஷ்டமில்லடி" என்றார்.

நான் அடுப்பில் வெந்நீர் போட்டேன். அத்தனை வருஷம் விளக்கு எண்ணெய் வழிந்து, அதன்மேல் கற்பூரப் புகை படிந்து, அடிப்பக்கம் கெட்டியாகிவிட்டிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை செம்பின் மேல்பக்கத்தை மட்டும் துடைத்துப் பூ மாற்றுவேனே தவிர, அதை இடம் நகர்த்துவதில்லை. சுற்றிலும் வெந்நீர் விட்டு, துணியால் பிடித்துத் திருகினேன். வந்துவிட்டது. அண்ணியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஆள் வாங்கிப் பார்த்து, "கனமாக்கீது. உள்ள இன்னாக்கா?" என்றார்.

"அம்மா."

"யாரு அம்மா?"

"எங்க குலசாமிப்பா. ஊர்ல இருந்து கொண்டுவந்தது."

"சாமி சரிக்கா, இன்னா பொருளுன்னு சொல்லு. வெங்கலமா, கல்லா? எயுதணும்ல."

நானே மஞ்சள் துணியை அவிழ்த்துக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இது மண்ணுக்கா."

"மண்ணு இல்லப்பா, அம்மா."

"சரிக்கா, அம்மாதான். நான் கும்புட்டுக்கறேன். ஆனா அங்க பெட்டியத் தொறக்கறவன் வெள்ளக்காரன். அவனுக்கு அம்மாவத் தெரியாது. மண்ணதான் தெரியும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உட்கார்ந்துவிட்டேன். அம்மா இல்லாமல் நான் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைத்ததில்லை. தெரியாத ஊர், தெரியாத பாஷை, அங்கே போய் முதல் விளக்கை யாருக்கு ஏற்றுவது என்பதுதான் என் முன்னால் நின்றது.

அந்த ஆளே ஒரு வழி சொன்னார். "இட்லிப் பான உள்ள வச்சி, சுத்திப் புடவையத் திணிச்சிடறேன். பாத்தா பாக்கறான், பாக்காங்காட்டி போறான்."

"மொளகாத் தூள் டப்பாலப் போடு" என்றார் அண்ணி. "எவன் மூக்க நீட்டறான்னு பாக்கலாம்."

"வேணாம் அண்ணி. ஒளிச்சி எடுத்துனு போனா அது அம்மா இல்ல, திருட்டுச் சாமான். நான் வேற இல்லன்னு கையெழுத்துப் போடணும்."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் வேலை செய்கிற இடத்தில் மெஷின் சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.  அப்புறம், "எங்க அப்பா கையால எடுத்துக் குடுத்த மண்ணு அது" என்றார். "ஆனா மாட்டிச்சின்னா மொத்த சாமானையும் நிறுத்திடுவான். நீயே பாத்து முடிவு பண்ணு."

எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக அம்மாவை மண் என்று சொன்னது அவர்தான். அண்ணி காதில் அது விழுந்துவிட்டது. போனைப் பிடுங்கி, "மண்ணாடா? இத்தினி வருசம் சோறு போட்டவ மண்ணாப் பூட்டாளா உனுக்கு?" என்று கேட்டார். அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. அண்ணி போனை என்னிடம் கொடுக்காமலே வைத்துவிட்டார்.

சாமான் கட்டுகிற ஆள் தணிவாகச் சொன்னார். "அப்ப ஊருக்கே எடுத்துனு போய்டுங்க. கோயில்லயே சேத்துட்டா பேஜார் இல்ல."

"அப்பிடி வழக்கம் இல்லப்பா" என்றார் அண்ணி. "பிடிமண்ணு எடுத்தா எடுத்ததுதான். கட்டிக் குடுத்த பொண்ணு மாதிரி. போன எடத்துலதான் இருக்கணும்." மஞ்சள் துணியை மறுபடி முடிந்தார். "திரும்பி வந்தவன்னு பேரு எடுக்க அந்த ஊருக்கு நான் ஒருத்தி போதும்."

அண்ணி கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷன் வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவர். நான் மருமகளாக வருவதற்கு முன்னாடி நடந்தது. அவர் வாயால் அதைப் பற்றி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.  கூடத்தில் ஒருத்தர் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

போன இடம் என்றால், அம்மா வந்த இடம் தாம்பரம்தானே என்று எனக்குத் தோன்றியது. அண்ணியிடம், "இங்கேயே இருக்கட்டும் அண்ணி, நான் கீழ கேட்டுட்டு வரேன்" என்று இறங்கிப் போனேன்.

டீச்சரம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். மதில் ஓரம் செம்பருத்திச் செடி. அதனடியில் அம்மாவை வைக்கலாமா என்று கேட்டேன்.

"மண்ணுதானேம்மா, கொட்டிக்கோ" என்றார். உடனே என் முகத்தைப் பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "கொட்டுன்னு சொல்லல. வைம்மா. தாராளமா வை."

அண்ணி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு வந்தார். செடியடியில் கையளவு பள்ளம் பறித்து, செம்பிலிருந்து அம்மாவை இறக்கினோம். மஞ்சள், குங்குமம், ஒரு கற்பூரம். அந்த மூன்று பேரும் இறங்கி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். 'எங்களால் கூட்டிப்போக முடியவில்லை, மன்னித்துக்கொள், பாப்பாவைப் பார்த்துக்கொள்' என்று மனசுக்குள் சொன்னேன். அழவில்லை. வேன் காத்துக்கொண்டிருந்தது.

செம்பையும் மஞ்சள் துணியையும் மூன்று தண்ணீர் விட்டு அலசிக் காயவைத்தேன். அதைப் பெட்டியில் வைத்துவிட்டு அந்த ஆள் பேனாவை எடுத்தார்.

"பித்தளச் செம்பு, காலின்னு எயுதட்டாக்கா?"

எழுதப்பா என்றேன். அந்தக் காலி என்கிற வார்த்தைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டேன்.

சாமான் வந்து சேர மாசக்கணக்கில் ஆனது. அந்தப் பெட்டியை அங்கே திறந்து பார்த்துவிட்டு வேறு டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எதுவும் குறையவில்லை. செம்பில் தண்ணீர் நிறைத்து, மஞ்சள் துணியைக் கட்டி வைத்து விளக்கேற்றினேன். பாப்பா, "அம்மா இதுல இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். தெரியலம்மா, கூப்பிடுறோம் என்றேன். இன்று வரை அப்படித்தான். இருக்கிறாள் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். கூப்பிடாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

அண்ணி என்ன செய்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் மீன் அதிகம் போகாது, அவருக்கு வீட்டில் இருக்கிற நாள் அது ஒன்றுதான். அந்த நாளில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கூடை இல்லாமல் பஸ் ஏறி வந்து, செம்பருத்தியடியில் விளக்கு வைத்துவிட்டுப் போவாராம். டீச்சரம்மாதான் சொன்னார்.

சில வருஷம் கழித்து நாங்கள் ஊருக்கு வந்து டீச்சரம்மா வீட்டுக்குப் போனபோது, செடிக்குமேலே தகரக் கூரை போட்டிருந்தது. தெருப் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி எனக்கே கதை சொன்னாள். கப்பலுக்கு எடுத்துப்போக நாலு ஆம்பிளைகள் சேர்ந்து தூக்கியும் செம்பு அசையவில்லையாம். கயிறு கட்டி இழுத்தார்களாம், கயிறு அறுந்துவிட்டதாம். தொட்டவனுக்கு ஜுரம் வந்துவிட்டதாம். தாம்பரத்தை விட்டு வரமாட்டேன் என்று அம்மா கனவில் சொன்னாளாம். அண்ணி பக்கத்தில்தான் இருந்தார். திரியைத் திரித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பவேயில்லை.

அந்தப் பெண்கள் போன பிறகு கேட்டேன், "இன்னா அண்ணி இது?"

"பின்ன இன்னா சொல்லச் சொல்ற? ஏன் இங்க கீறான்னு கேக்கறாளுங்க. வுட்டுட்டுப் பூட்டாங்கன்னு சொல்லவா? அவளே வரலன்னு சொன்னா அவளுக்கு மரியாத." திரியை எண்ணெயில் நனைத்தார். "வுட்டுட்டுப் போனாங்கன்ற பேரு எப்பிடின்னு உனுக்குத் தெரியாதுடி."



இப்போது அவரும் இல்லை. அந்தக் கதையை யாரோ நோட்டீஸ் அடித்து, நூறு பேருக்குக் கொடுத்தால் நல்லது நடக்கும் என்று போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். அம்மாவுக்குச் சக்தி இல்லை என்று சொல்ல வரவில்லை. எனக்கு அவள்தான் எல்லாம். ஆனால் அவள் அன்றைக்கு யாருக்கும் ஜுரம் கொடுக்கவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கூட்டிப்போக முடியாமல் வைத்துவிட்டு வந்தது நாங்கள். அந்தக் குறை எங்களோடு இருக்கட்டும், அதைப் பூசி மறைக்க வேண்டாம்.

படிக்கிறவர்கள் இதை யாருக்காவது சொல்வதாக இருந்தால், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு ஒரு அதிசயம் சேர்க்காதீர்கள். நோட்டீசில் அண்ணியின் பேச்சே இல்லையாம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மீன் விற்கிற ஒருத்தி, தனக்கிருந்த ஒரே ஓய்வு நாளில் பஸ் மாறி வந்து, கால் நடக்கிறவரை அங்கே விளக்கு வைத்தாள். சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.