ஈரம் பார்க்கும் கை

தூளிகளின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே போகிறாள் செல்லியம்மாள். ஏரிக்கரைப் புங்கமரத்தின் கிளைகளில் பழைய சேலைகள் தொங்குகின்றன. உள்ளே, தூர் வாரும் வேலைக்கு வந்த பெண்களின் கைக்குழந்தைகள். ஒவ்வொரு தூளிக்கும் கீழே, தீர்த்தம் வாங்குவதுபோல் உள்ளங்கையைக் குழித்து நீட்டுகிறாள். ஈரம் பட்டால் முகமெல்லாம் பூ. "பேஞ்சிட்டியா என் ராசா! ஏரிதான் காஞ்சி கெடக்குது, நீயாவது ரொப்பு."

சூம்பிய வலதுகாலோடு மண் சுமக்க முடியாது என்பதால் பிள்ளை பார்க்கும் வேலை அவளுக்கு வந்தது. பெண்கள் வைத்த பேர் 'மூத்தர மேஸ்திரி'. கோபமே வராது. "மேஸ்திரி சொன்னா கேக்கணும் இல்ல?" என்று ஈரத்துணி சுற்றிய பானையிலிருந்து சொம்பு நிறைய மொண்டு நீட்டுவாள். பிள்ளைக்கு இல்லை, பால் கொடுக்க வந்தவளுக்கு. "கைப்புள்ளைக்கு எதுக்குடி தண்ணி? உன் வாயில ஊத்து, அதும் வாய்க்குப் போயிச் சேரும்."

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், கமலாவின் தூளி மட்டும் காலையிலிருந்து காய்ந்தே கிடந்தது. மூன்று மாதப் பெண் குழந்தை. அழவும் இல்லை. அதுதான் செல்லியம்மாளைப் பயமுறுத்தியது. குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு, கரைமேல் விந்தி விந்தி ஓடினாள்.

"பால் குடுத்தியாடி?"

"வெயில்ல வெந்துக்கினு இருக்கேன்க்கா. சூட்டுப்பால் புள்ளைக்கு ஆவாதுன்னு மாமியா சொல்லிச்சி. சாயங்காலம் வூட்டுக்குப் போயி..."

"சூட்டுப்பாலா? அடுப்புல வச்சிக் கொதிக்க வுட்டியா? வா மரத்தடிக்கு."

நிழலில் உட்காரவைத்துச் சொம்பை நீட்டினாள். கமலா உதட்டை நனைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இன்னாடி, கோழியாட்டம்?"

கமலா ஏரிக்குள் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய வரை மண் வெட்டும் ஆண்கள். "குடிச்சா எங்கக்கா போறது?" என்றாள், குனிந்தபடி.

செல்லியம்மாள் தான் உட்காரும் இடத்தில் வெயிலுக்குக் கட்டியிருந்த சேலையை அவிழ்த்தாள். கரைக்குப் பின்னால் இரண்டு வேலிகாத்தான் புதர்களுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டினாள். முள் கிழித்த கையோடு திரும்பி வந்தாள். "போ, உனக்கும் ஒரு தூளி கட்டியாச்சி. இப்பக் குடி."

கமலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சொம்பைக் கவிழ்த்துக் குடித்தாள். இன்னொரு சொம்பும். மார்பில் சோர்ந்து கிடந்த குழந்தை, வெகுநேரம் கழித்து, ஞாபகம் வந்ததுபோல் ஒருமுறை இழுத்தது. பிறகு விடவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள ஈரம் வரலன்னா, வண்டியப் புடிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடணும்," என்றாள் செல்லியம்மாள்.

அன்று மதியமெல்லாம் அவள் குரல்தான் ஏரியில் கேட்டது. "ஏ கமலா! வா!"

"மேஸ்திரி, அவ மண்ணு சொமக்க வந்தாளா, பால் குடுக்க வந்தாளா?" என்று கேட்டாள் ராஜாம்பாள்.

"ரெண்டுக்குந்தான். நீயும் வந்து குடி. மறைப்பு கட்டியிருக்குது."

ராஜாம்பாளும் வந்து குடித்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பானை காலியானது.

வெயில் சாய்ந்தது. நிழலுக்கென்று வைத்திருந்த ஒரே சேலையும் போய்விட, பாதி முதுகு வெயிலில் காய, கமலாவின் தூளிக்குக் கீழே கையேந்தியபடியே உட்கார்ந்திருந்தாள் செல்லியம்மாள். ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, விரலிடுக்கில் வழிகிற அளவுக்கு.

கரைமேல் தலையில் மண்கூடையோடு நின்று, கமலா இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லியம்மாள் கூப்பிடவில்லை. நனைந்த உள்ளங்கையை வெயிலில் மின்னும்படி உயரத் தூக்கிக் காட்டினாள்.